கழட்டிக் குடு

கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு அடிப்படை அறிவியல் என்று பெயர். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கட்டாயம்'. வரலாறு, வணிகம், இலக்கியம் என்று எதைப் படிக்க வந்தாலும் முதல் வருடம் அதைப் படித்துத் தேறியே ஆக வேண்டும். "அடுத்த பீரியட் கட்டாயம்டி" என்று முனகிக்கொண்டே படியேறி வருவார்கள். பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகியதாக நினைத்த சனியன் மறுபடியும் தோளில் வந்து உட்கார்ந்துகொண்ட முகம் எல்லோருக்கும் இருக்கும்.

டீச்சரம்மா அதைக் கண்டுகொள்ள மாட்டார். முதல் வகுப்பில் பலகையில் ஒரு கோடுகூடப் போட மாட்டார். மேசைக்கு மேசை ஒரு பீக்கர், அதில் உடைத்த பனிக்கட்டி, ஒரு தெர்மாமீட்டர், கீழே சின்ன அடுப்பு. "பத்த வைங்க. பாருங்க. பார்த்ததச் சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் பார்ப்பார்கள். தீ எரியும், பனிக்கட்டி உருகும், தெர்மாமீட்டர் மட்டும் எருமைமாட்டு மேல் மழை பெய்த மாதிரி அசையாமல் நிற்கும்.

"மேடம், இது ரிப்பேர்."

"பக்கத்து மேசையிலயும் ரிப்பேரா?"

"எல்லாமே ரிப்பேர் மேடம்."

"அப்ப சூடு எங்க போகுது?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஐஸ் சாப்பிடுது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "சரியாச் சொல்லிட்ட. இப்ப அதையே இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லு" என்றார்.

அந்தக் குரல் நண்டுவுடையது. டீச்சரம்மாவின் அண்ணன் மகள். தவழ்கிற வயதில் நேராக வராமல் பக்கவாட்டிலேயே போனதால் வீட்டில் வைத்த பெயர். கல்லூரி வரைக்கும் கூடவே வந்துவிட்டது. வணிகம் படிக்க வந்தவள். சொந்த ஊரில் கல்லூரி கிடையாது. அவளுடைய அப்பா தரைக்கு ஓடு பதிக்கிற மேஸ்திரி. பெண்ணை வெளியூரில் விட அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில், "தங்கச்சி வீடுன்னா அனுப்புறேன். வேற எங்கயும் கிடையாது" என்று சொல்லி, மகளையும் ஒரு பெட்டியையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். டீச்சரம்மாவின் மகன் வேலை தேடித் தூரதேசம் போய்விட்டதால் அவன் அறை காலியாகத்தான் கிடந்தது.

வந்த கொஞ்ச நாளிலேயே நண்டு வீட்டை நிறைத்துவிட்டாள். டீச்சரம்மாவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொள்வாள்.

"மாமா, பிரேக் போட்டா ஏன் எல்லாரும் முன்னாடி விழுறாங்க?"

"நான் திட்டு வாங்கறதுக்குத்தான்."

"விளையாடாத மாமா. பஸ்ஸு நின்னிடுச்சு. ஆனா அவங்க நிக்கல. சரியா?"

"உங்க அத்தைகிட்ட வருஷக்கணக்கா இதையே கேட்டு அலுத்துட்டேன். இப்ப நீயுமா? சோத்தப் போடுங்கம்மா."

மூன்று பேரும் சோறும் முட்டைக் குழம்புமாகச் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு எங்கேயோ போய் எங்கேயோ நிற்கும். ஒருநாள் அந்தப் பேச்சுக்கு நடுவே, "அத்தை, நான் வணிகத்த விட்டுட்டு இதுக்கே மாறிடட்டுமா? அடுத்த வருஷம் மாத்திக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்று கேட்டாள் நண்டு. டீச்சரம்மா வாயில் வைத்த கவளத்தை மென்று முடித்தார். பிறகு, "நல்லா யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். இரவு கணவரிடம், "கேட்டுட்டா பாருங்க. நான் சொல்லாமலே அவளாக் கேட்டுட்டா" என்று இரண்டு தடவை சொன்னார்.

வகுப்பில் மட்டும் டீச்சரம்மா அவளை அத்தை என்று கூப்பிட விடவில்லை. எல்லோருக்கும் ஒரு கேள்வி என்றால் அவளுக்கு இரண்டு. மற்றவர்கள் மேசையைத் துடைத்தால் போதும், அவள் கழுவ வேண்டும். அப்படியும் ஊர்வாயை மூட முடியுமா? பரீட்சையில் நண்டு நல்ல மார்க் வாங்கியதும், "வீட்டுலயே கேள்வித்தாள் பொரிச்சுக் குடுத்திருப்பாங்க" என்று யாரோ சொன்னது டீச்சரம்மா காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார். ஆனால் அது உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது.

அது நடந்த நாளில் காலையிலிருந்தே புழுக்கம். ஆய்வகத்து மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறைத்தன. அன்றைய பாடம், கரைப்பதில் வரும் வெப்பம். சில பொருட்களைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் குளிர்ந்துபோகும். சிலவற்றைக் கரைத்தால் தொட முடியாதபடி சுட்டுவிடும். முதலில் குளிர்வதைப் பார்த்தாகிவிட்டது. அடுத்தது காஸ்டிக் சோடா. வெள்ளை வெள்ளையாகச் சின்ன வில்லைகள்.

"ஒவ்வொண்ணாப் போடணும். போட்டுக் கலக்கி, சூட்டை எழுதிட்டுத்தான் அடுத்தது. அமிலம் பட்டா எரியும், ஒரு இடத்துல நின்னுடும். இது காரம், அப்படி இல்ல. நிக்காது. உள்ள இறங்கிக்கிட்டே போகும். அதனால கண்ணாடி போடாம ஒருத்தரும் மேசைகிட்ட நிக்கக் கூடாது" என்று டீச்சரம்மா சொன்னார். கண்ணைச் சுற்றி மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் கண்ணாடிகள் அவை. பாதிக்கு மேல் நாடா அறுந்து, முடிச்சுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தன. புதியது கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எண்ணிக்கை அன்று வந்தவர்களுக்குச் சரியாக இருந்தது.

வேலை தொடங்கிய பிறகு கதவைத் தட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். அவளுக்கு 'லேட்டு' என்றே பெயர். பாவம், இரண்டு பேருந்து மாறி வருகிற பெண்.

"மேடம், பஸ்ஸு கிடைக்கல."

"கண்ணாடி இல்லம்மா. அடுத்த வாரம் வா."

"போன வாரமும் விட்டுட்டேன் மேடம். இதுவும் போனா என்னப் பரீட்சைக்கு விட மாட்டாங்க."

டீச்சரம்மா தயங்கினார். அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. "வீட்டுப் பொண்ணு லேட்டா வந்தா இப்படியா சொல்லுவாங்க?"

டீச்சரம்மாவின் முகம் சிவந்தது. விறுவிறுவென்று நண்டுவின் மேசைக்குப் போனார்.

"கழட்டிக் குடு."

"என்ன மேடம்?"

"கண்ணாடியக் கழட்டி அவளுக்குக் குடு. அவ செய்யட்டும். நீ தள்ளி நின்னு எழுதிக்கோ."

நண்டு ஒரு கணம் பார்த்தாள். மறு பேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். கன்னத்தில் கண்ணாடி அழுத்திய தடம் வட்டமாக இருந்தது. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

லேட்டுவுக்கு எல்லோரையும் எட்டிப் பிடிக்கிற அவசரம். டீச்சரம்மா அடுத்த மேசைக்கு நகர்ந்ததும், ஒவ்வொன்றாகப் போடச் சொன்ன வில்லைகளைத் தட்டோடு கவிழ்த்துவிட்டாள். அது தெரியாமல் நண்டு, "எவ்வளவு காட்டுது?" என்று தெர்மாமீட்டரைப் படிக்க ஓரடி முன்னால் வந்து குனிந்தாள். பீக்கருக்குள் தண்ணீர் ஒருமுறை குமுறியது. அப்படியே சீறி வெளியே அடித்தது. லேட்டுவின் கண்ணாடி மேலே இரண்டு மூன்று சொட்டு. மிச்சம் நண்டுவின் முகத்தில்.

டீச்சரம்மா அதன் பிறகு செய்தது எல்லாமே சரி. அவளை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் சாய்த்து, இடது கண் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் குழாயைத் திறந்துவிட்டார். நண்டு துடித்தாள், கையைத் தட்டிவிட்டாள், "விடு அத்தை, எரியுது, விடு" என்று கத்தினாள். விடவில்லை. ஒரு பெண்ணைக் காலைப் பிடிக்கச் சொன்னார், இன்னொருத்தியை ஆம்புலன்ஸுக்கு ஓடச் சொன்னார். இமை வழுக்கிக்கொண்டே போக, மறுபடி மறுபடி பிரித்தார். வண்டி வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிக்காது, உள்ள இறங்கிக்கிட்டே போகும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தான் சொன்னது அவருக்கே திரும்பத் திரும்பக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கருவிழி வெந்துபோச்சு. வெளிச்சம் தெரியலாம், பார்வை வராது. வலது கண் தப்பிச்சது, முகம் தப்பிச்சது. உடனே கழுவினது யாரு? நீங்களா? நீங்க இல்லன்னா இதுவும் இல்ல."

அண்ணனும் அண்ணியும் கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். அண்ணனின் முழங்காலில் சிமெண்டுக் கறைகூடப் போகவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தங்கையின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கைகள் அவர் பிடியில் கட்டைபோல் கிடந்தன.

மறுநாள் அண்ணி தேநீர் வாங்கக் கீழே போயிருந்த நேரம். நண்டு கட்டுப் போட்ட முகத்தோடு அத்தையைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"பிரின்சிபல் வந்தாரு. எப்படி ஆச்சுன்னு கேட்டாரு."

"ம்."

"வேர்த்துச்சு, அதனால நானேதான் கழட்டி வச்சேன்னு சொல்லிட்டேன். அப்பாகிட்டயும் அதான் சொல்லியிருக்கேன். பாக்க வந்த லேட்டுகிட்டயும் க்ளாஸ் பிள்ளைங்ககிட்டயும் பேசிட்டேன். யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பின்ன? நீதான் கழட்டச் சொன்னன்னு தெரிஞ்சா அப்பா என்ன இங்க விடுவாரா? இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவாரு. நான் இங்கதான் படிக்கணும். நீ வாயத் திறக்காத. சத்தியம் பண்ணு."

டீச்சரம்மா சத்தியம் பண்ணவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நண்டு அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் அண்ணனும் அண்ணியும் சில நாள் தங்கினார்கள். அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் மருந்து வாசனையும் ஈரத்துணி வாசனையும் சுற்றிச் சுற்றி வந்தன. நண்டு தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும், "இந்தக் கதவு நேத்து இங்க இல்ல" என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அண்ணன் ஒருநாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தரை ஓடுகளைக் காட்டினார்.

"நான் ஓடு பதிக்கும்போது எப்படி லெவல் பாப்பேன், சொல்லு?"

"ஒரு கண்ண மூடிக்கிட்டு."

"அவ்வளவுதான். ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா கோடு ஆடும். ஒத்தக் கண்ணுலதான்டி நேரா எது, கோணல் எதுன்னு தெரியும். உனக்கு இனிமே மூடுற வேலை மிச்சம்."

நண்டு சிரித்தாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதார், எல்லோருக்கும் கேட்டது.

அண்ணியால் அப்படி முடியவில்லை. அவருடைய துக்கம் வாய் வழியாகத்தான் வந்தது. "வேர்த்துச்சாம், கழட்டினாளாம். அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா உங்க அத்தை. கேட்டாத்தான? யாரு பேச்சையாவது என்னிக்காவது கேட்டிருக்கியா? திமிரு. தன் கையால தன் கண்ணக் குத்திக்கிட்டு வந்து நிக்குறா." சோறு போடும்போது திட்டுவார், தலை வாரும்போது திட்டுவார், திட்டிக்கொண்டே மருந்து ஊற்றுவார். நண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தையின் பக்கம் திரும்பவே மாட்டாள். பேருந்து ஓட்டுபவருக்கு எல்லாம் தெரியும். மனைவி முதல் இரவே சொல்லி அழுதிருந்தார். "பிள்ள கேக்குறா. அவ கேக்குறதக் குடு. இப்ப நீ பேசறதால கண்ணு திரும்பாது" என்றுதான் அவர் சொன்னார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அண்ணன் பேச்சை எடுத்தார். "நாளைக்கு நாங்க கிளம்புறோம். இவ இங்கயே இருக்கட்டும். படிப்ப முடிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா. இன்னொருத்தர் வீடா இருந்தா விட மாட்டேன். நீ பாத்துக்குவ. அன்னிக்கு உன் கை இல்லன்னா என் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் போயிருக்கும். என்ன பெத்த தாயி மாதிரிடா நீ எனக்கு."

அண்ணி மகளின் தட்டில் சோற்றை வைத்தபடி, "கேட்டியா? இனியாவது அத்தை சொல்றதக் கேட்டு நட. கழட்டாதன்னா கழட்டாத" என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"அண்ணி, அவள அடிக்காதீங்க" என்றார் டீச்சரம்மா. "அவ கழட்டல. நான்தான் கழட்டச் சொன்னேன்."

"அத்தை!" என்றாள் நண்டு.

"அவ போட்டுத்தான் இருந்தா. இன்னொரு பொண்ணு லேட்டா வந்தா, அவளுக்குக் கண்ணாடி இல்ல. சொந்தக்காரப் பொண்ணுக்கு ஓரவஞ்சனை பண்றேன்னு யாரோ பேசினாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இவகிட்ட இருந்து கழட்டிக் குடுக்கச் சொன்னேன்."

மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. அண்ணன் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுக்காமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அவ உன் அண்ணன் பொண்ணு இல்லாம, வேற யாரோ பொண்ணா இருந்திருந்தா?"

டீச்சரம்மா தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

"சொல்லும்மா. ஊரான் வீட்டுப் பொண்ணா இருந்தா, போட்டிருக்கிற கண்ணாடியக் கழட்டுன்னு சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"மாட்ட. அவ்வளவுதான் கேட்டேன்." எழுந்து கையைக் கழுவினார். "கிளம்பு" என்றார் மனைவியிடம். "அவ துணியையும் எடு."

பேருந்து ஓட்டுபவர் வாசல் வரைக்கும் போய் மறித்துப் பார்த்தார். "மச்சான், மழை விடட்டும். சாயங்காலம் பேசிக்கலாம்." அண்ணன், "உங்க மேல ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

டீச்சரம்மா அறைக்குள் போனார். நண்டு கட்டிலில் உட்கார்ந்து பெட்டியில் எதையும் மடிக்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா உன்னத் திட்டினதக் கேக்க முடியலடி. எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் வெடிக்கல. நான்தான கேட்டுக்கிட்டு இருந்தேன்? அம்மா திட்டினா என்ன? ரெண்டு மாசம் திட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

"பொய்யிலயே எப்படிடி இருக்கிறது?"

நண்டு கையை நிறுத்தினாள். நல்ல கண்ணிலிருந்தும் கட்டுக்குள்ளிருந்தும் சேர்ந்தே வழிந்தது.

"அன்னிக்கு உன் மேல யாரும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு என்னக் கழட்டச் சொன்ன. இன்னிக்கு உன் மனசுல குத்தம் இருக்கக் கூடாதுன்னு உண்மையச் சொன்ன. உன் நேர்மைக்கு ரெண்டு தடவையும் நான்தானா அத்தை கிடைச்சேன்?"

டீச்சரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. நண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, உரசாமல், அவரைக் கடந்து போனாள்.

டீச்சரம்மா பிரின்சிபலிடமும் போய்ச் சொன்னார். "பொண்ணே சொல்லி முடிஞ்ச விஷயத்த ஏன் மேடம் கிளறுறீங்க?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கிளறிய பிறகு மூட முடியவில்லை. விசாரணை வைத்தார்கள். முடிவில் அவரைப் பலகைப் பாடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, அந்த வகுப்புக்கு ஆய்வகமே வேண்டாம் என்று பூட்டிவிட்டார்கள். லேட்டு மட்டும் சில நாள் வராந்தாவில் எதிரே வந்து நிற்பாள். ஏதோ சொல்ல வருவாள். சொல்லாமலே திரும்பிப் போய்விடுவாள். பிறகு அவளும் வருவதை நிறுத்திக்கொண்டாள். வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

அண்ணன் போன் எடுக்கவில்லை. அண்ணி எடுப்பார். "இருக்கா. சாப்பிடுறா. தெருமுனை டைல்ஸ் கடையில உக்காரப் போறா. படிப்பப் பத்திப் பேச்செடுத்தாலே இவரு எந்திரிச்சுப் போயிடுறாரு" என்பார். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு, "போனா வாசல்லயா நிறுத்திடுவாங்க? போயிட்டு வா" என்று கணவர் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும், "கடையில இருக்கா. போய்ப் பாரு. அவரு வர்றதுக்குள்ள கிளம்பிடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கடையில் நண்டு யாருக்கோ ஓடுகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டு இல்லை. இடது கண் பால் ஊற்றியதுபோல் இருந்தது. அத்தையைப் பார்த்ததும் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்த விலையைப் பேசி முடித்தாள். முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"அது இருக்கட்டும். மாமா ஒண்ணு சொன்னாரு. வேற ஊர்ல ஹாஸ்டலோட காலேஜ் இருக்கு. எங்க வீடு வேண்டாம். என் வகுப்பும் இல்ல. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"அப்பா விட மாட்டாரு."

"நீ கேட்டியா?"

"ஒரு தடவ கேட்டேன். அன்னிக்கு அவரு சாப்பிடல." கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, "மறுபடி கேப்பேன். இப்ப இல்ல. வா, பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்" என்றாள்.

இறங்கி நடந்தார்கள். சாலை குறுகலானது. லாரிகளும் வண்டிகளும் உரசிக்கொண்டு போயின. டீச்சரம்மா அவளுடைய இடது பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். தான் பக்கத்தில் வருவது அவளுக்குத் தெரியவில்லையே என்று தோன்ற, பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தார். நண்டு நின்றுவிட்டாள்.

"அந்தப் பக்கமே வா அத்தை."

"இல்ல, இங்க இருந்தா உனக்கு என்னத் தெரியுமேன்னு..."

"அதான். இங்க நின்னா உன் முகத்தப் பாக்கணும். என்னால இன்னும் முடியல." கீழே பார்த்தபடி சொன்னாள். "அந்தப் பக்கம் வா. அங்கதான் எனக்கு வண்டி வர்றது தெரிய மாட்டேங்குது."

டீச்சரம்மா பழையபடி இடது பக்கம் போனார். வண்டி நெருங்கும்போதெல்லாம் டீச்சரம்மா குறுக்கே கையை நீட்டினார். நண்டு திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கை பட்டதும் நின்றாள். கை விலகியதும் நடந்தாள்.